பாட்டி சொன்னது, டின்னில் இருந்தது: தாத்தாவின் ஐ.என்.ஏ. நாட்களைப் பாதுகாப்பது எப்படி?



ஜப்பானியர் ஆட்சிக்காலப் பாடம் வரும்போதெல்லாம், "வீட்டுல பழைய பொருள் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். பெரும்பாலும் பித்தளைச் செம்பு வரும், அரிக்கேன் விளக்கு வரும். ஒரு முறை படிவம் நான்கு மாணவி ஒருத்தி துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்தாள். உள்ளே ஒரு காக்கித் தொப்பி, இளைஞர்கள் வரிசையாக நிற்கும் ஒரு படம், மூன்று ஜப்பான் நோட்டு, பெல்ட்டின் பித்தளைக் கொக்கி ஒன்று. "எங்க கொள்ளுத்தாத்தா நேதாஜி படையில இருந்தாரு டீச்சர். படத்துக்குப் பின்னால அவரோட ஆர்மி நம்பர்கூட இருக்கு" என்றாள்.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். மங்கிப்போன ரப்பர் முத்திரையில் 'சியோனான்' என்ற ஊர்ப்பெயர். அதன் பக்கத்தில் பென்சிலால் 2604.

அது படை எண் இல்லை. அது ஒரு வருடம்.

ஜப்பானியர் தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் கி.மு. 660-லிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குப்படி 1942 என்பது 2602. சிங்கப்பூரின் பெயரையும் சியோனான் என்று மாற்றினார்கள். ஆகவே 2604-லிருந்து 660-ஐக் கழித்தால் 1944. அந்தப் படம் 1944-இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது என்பதைத்தான் அந்தப் பென்சில் எழுத்து சொல்கிறது. மாணவியின் வீட்டிலோ, கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தில் பெயருக்குக் கீழே 'எண் 2604' என்று எழுதியே வைத்துவிட்டார்களாம். பொருள் பத்திரமாக இருந்தது. அதன் பொருள்தான் தொலைந்துபோயிருந்தது.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். தொப்பியையும் படத்தையும் பூச்சி அரிக்காமல் காப்பது பாதி வேலை. அந்தப் பொருள் எதைச் சொல்கிறது, வீட்டார் எதைச் சொல்கிறார்கள், வரலாற்று ஆவணம் எதைச் சொல்கிறது என்ற மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் எழுதி வைப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்துப் ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க்கைதிகள் ஒன்றுதிரட்டப்பட்டார்கள். அவர்களைக் கொண்டு மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய இராணுவம் உருவானது. அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்தும் போனது. 1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4-இல் கேத்தே கட்டடத்தில் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டத்துச் சனங்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பால் மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி தூக்கியது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தத் தேதி வரிசை ஏன் முக்கியம்? மாணவியின் பாட்டி, அதாவது அந்தப் படைவீரரின் மகள், பேத்தியிடம் சொல்லியிருந்தது இது: "எங்கப்பா நாப்பத்தொண்ணுலயே சேர்ந்துட்டாரு. நேதாஜிக்குப் பக்கத்துலயே நின்னவரு. இம்பால்ல சண்டை போட்டவரு."

நாற்பத்தொன்றில் சேர்ந்திருக்க முடியாது. படையே அப்போது இல்லை. முதல் படை பெரும்பாலும் போர்க்கைதிகளால் ஆனது. தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் சேர்ந்தார் என்றால் 1943-க்குப் பிறகு என்று கொள்வதே பொருந்தும். ஆனால் பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் போருக்குப் பின் பிறந்தவர். அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு 'சப்பான்காரன் வந்தது' என்பதுதான் ஒரு பெரிய கோடு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரே வருடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டால், "பாட்டி தப்பாச் சொல்றாங்க" என்று ஒதுக்கவும் மாட்டோம், அப்படியே எழுதி மதிப்பெண் இழக்கவும் மாட்டோம்.

சரி, டின்னுக்குத் திரும்புவோம்.

நோட்டுகளைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பத்து வெள்ளி நோட்டு. வாழை மரம் போட்டது. நம் வீடுகளில் வாழைமர நோட்டு என்று சொல்வது இதைத்தான். ஜப்பானியர் தோற்றதும் செல்லாக்காசாகிப்போனதால், யார் வீட்டிலும் இது கிடைக்கும். இதை வைத்து ஒருவர் படையில் இருந்தார் என்று சொல்ல முடியாது. மூன்றாவது நோட்டுதான் விஷயம். அதில் வெள்ளி இல்லை, ரூபாய். ஓரத்தில் உள்ள ஆங்கில எழுத்து 'பி'யில் தொடங்குகிறது. ஜப்பானிய நிர்வாகம் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நோட்டு அச்சடித்தது. மலாயா நோட்டில் 'எம்', பர்மா நோட்டில் 'பி'. ஆகவே அந்த ஒரு ரூபாய்த் தாள் பர்மாவில் புழங்கியது. தோட்டத்து லயத்தில் இருந்த ஒருவர் கையில் அது எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்விதான் வரலாறு படிப்பதன் தொடக்கம்.

ஆனாலும் அவசரப்படக்கூடாது. பர்மா பக்கத்தில் ரயில்பாதை வேலை செய்தவர்கள் கையிலும் அந்த நோட்டு இருந்திருக்கும். பிற்காலத்தில் பழைய நோட்டு சேகரிக்கும் பழக்கம் உள்ள மாமாவோ சித்தப்பாவோ டின்னில் போட்டு வைத்திருக்கவும் கூடும். ஆக, நோட்டு ஒரு குறிப்பு, முடிவு அல்ல. படம் அவரை 1944-இல் சிங்கப்பூரில் நிறுத்துகிறது. நோட்டு அவரைப் பர்மா வரை கொண்டுபோகக்கூடும். இம்பால் வரை கொண்டுபோக இந்த டின்னில் எதுவும் இல்லை. இம்பால், கோஹிமா சண்டை 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் பின்வாங்கலில் முடிந்தது. அவர் அதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஃபோலியோவில் 'இருந்தார்' என்று எழுதாமல் 'இருந்ததாகக் குடும்பத்தார் கூறுகின்றனர்' என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடுதல். நேர்மை பல மடங்கு கூடுதல்.

காக்கித் தொப்பி விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஐ.என்.ஏ. பெரும்பாலும் பிரிட்டிஷ் படையிடமிருந்து கைப்பற்றிய உடுப்புகளையும் ஆயுதங்களையுமே பயன்படுத்தியது. அதனால் சின்னம் எதுவும் இல்லாத ஒரு காக்கித் தொப்பி, பிரிட்டிஷ் இந்தியப் படையுடையதாகவும் இருக்கலாம், ஐ.என்.ஏ.வுடையதாகவும் இருக்கலாம். கொக்கி இன்னும் சந்தேகத்துக்குரியது. 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் தோட்டங்களில் சிறப்புக் காவலர்கள் இருந்தார்கள். 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அவர்கள்தான். அவர்களுக்கும் காக்கி, அவர்களுக்கும் பெல்ட். ஒரே டின்னில் இரண்டு காலத்துப் பொருள் கலந்து கிடப்பது சர்வ சாதாரணம்.

பதக்கம் இருந்தால் விளிம்பை முதலில் பாருங்கள்; பெயரும் எண்ணும் பொறித்திருக்கக் கூடும். முகப்பில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தால், அது பிரிட்டிஷ் அரசு கொடுத்தது; நேதாஜி படையில் இருந்ததற்காக யாரும் அதைப் பெற்றிருக்க முடியாது. நாடாவின் மேல் 'மலாயா' என்ற உலோகப் பட்டை இருந்தால் பெரும்பாலும் அது அவசரகாலப் பணிக்கானது. இதைச் சொல்லும்போது சில வீட்டில் முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. தாத்தா வேறு ஒரு பணியில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கும் ஒரு கதை உண்டு.

தேதி படிப்பதில் இன்னும் ஒரு குறிப்பு. எல்லா இடத்திலும் 2603, 2604 என்றே இருக்காது. ஷோவா ஆண்டும் வரும். ஷோவா 18 என்றால் 1943, ஷோவா 19 என்றால் 1944, 1925-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானிய முறையில் ஆண்டு முன்னால், மாதம் அடுத்து, நாள் கடைசி. '19.3.12' என்று இருந்தால் 1944 மார்ச் 12. நம் ஆட்கள் அதை 19-ஆம் தேதி என்று படித்துவிடுவார்கள். மணியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் மலாயாவின் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. "காலையில ஆறு மணிக்கு ரயில் ஏறினாரு" என்று ஒரு கடிதத்தில் இருந்தால், வெளியே கும்மிருட்டு என்று புரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். பாடப்புத்தகம் தராத அமைதி அது.

இப்போது இந்தக் கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

மாணவியைப் பாட்டியிடம் திருப்பி அனுப்பினேன். 'எந்த வருஷம், எந்த ரெஜிமெண்ட்' என்று கேட்காதே, தொப்பியைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, "இதை யாரு தொவைச்சு மடிச்சு வெச்சது?" என்று கேள் என்றேன். இது நான் பல முறை சோதித்துப் பார்த்த வழி. பெரியவர்களுக்கு வருடம் நினைவில் நிற்காது. பொருளும் சாப்பாடும் நிற்கும். மரவள்ளிக் கிழங்கைப் பற்றிக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பாட்டி பேசியிருக்கிறார். நடுவில் குரலைத் தாழ்த்தி இதையும் சொல்லியிருக்கிறார்: "உண்மையச் சொல்லணும்னா, சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துதான் மொதல்ல பேரு குடுத்தாராம். எங்கம்மா சொல்லுவாங்க. பர்மாவுக்குப் போன எடத்துல மலேரியா. ரங்கூன்லயே படுத்துட்டாராம். இதையெல்லாம் எழுதாதம்மா."

மறுநாள் மாணவி என்னிடம் கேட்ட கேள்வி: "எழுதலாமா டீச்சர்?"

நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் முதலில் தேதியைச் சரிபார்க்கச் சொன்னேன். சயாம் - பர்மா ரயில்பாதை, நாம் மரண ரயில் என்று சொல்வது, 415 கிலோமீட்டர் நீளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். போஸ் வந்தது 1943 ஜூலையில். அதாவது, தோட்டத்தில் ஆள் பிடிப்பும் படைக்கு ஆள் சேர்ப்பும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. பாட்டி பெருமையாகச் சொன்ன கதை தேதியோடு மோதுகிறது. குரலைத் தாழ்த்திச் சொன்ன கதையோ கச்சிதமாகப் பொருந்துகிறது. ரங்கூன் வரை போனார் என்பது அந்த ரூபாய் நோட்டோடும் ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. பின்னாளில் ஐ.என்.ஏ. படைகள் பர்மாவுக்குப் போன வழிகளில் அதே ரயில்பாதையும் ஒன்று. எந்தத் தண்டவாளத்துக்குத் தப்பிப் படையில் சேர்ந்தாரோ, அதன் மேலேயே அவர் பயணம் செய்திருக்கக்கூடும்.

எழுதலாம் என்றேன். ஆனால் பாட்டியின் அனுமதியோடு. உயிருக்குப் பயந்து பேர் கொடுத்த இருபது வயதுப் பையன், பிறகு பயிற்சி எடுத்து, படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, பர்மா வரை போயிருக்கிறான். முதல் வரியை நீக்கினால் அடுத்த வரிகளின் எடையே குறைந்துவிடுகிறது. வீரம் என்ற ஒரே சொல்லில் எல்லாத் தாத்தாக்களையும் போட்டு மூடிவிட்டால், ஒரு தாத்தாவும் மிஞ்சமாட்டார். இது என் கருத்து. சில ஆசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். குடும்பம் மறைக்க விரும்புவதைப் பள்ளி கிளறலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் அனுமதி என்கிறேன். பாட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்த வரி ஃபோலியோவில் வராமல் வீட்டுக் குறிப்பேட்டில் மட்டும் இருந்திருக்கும். எங்குமே இல்லாமல் போகக்கூடாது.

இப்படி மறைத்துப் பேசும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது, நேதாஜி படையில் இருந்தது ஒரு குற்றம்போல ஆனது. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை செப்டம்பரில் தகர்த்துவிட்டது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், லயத்தில் இருந்தவர்கள் சட்டையையும் அட்டையையும் எரித்ததில் வியப்பில்லை. நம் வீடுகளில் பொருள் குறைவாக இருப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. அந்த இடத்தில் 1995-இல் வைக்கப்பட்ட நினைவுக் குறியீடு ஒன்று இன்று இருக்கிறது. சிங்கப்பூர் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டலாம்.

ஒரு சின்ன இடைச்சொல். தாத்தாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். கேப்டன் லட்சுமியின் கீழ் இரண்டாம் நிலையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் இந்த நாட்டவர். 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். "உங்க வீட்டுல யாராவது பாட்டி?" என்றும் கேளுங்கள்.

பொருளைக் காக்கும் வேலைக்கு வருவோம். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஏற்ற மாதிரிச் சொல்கிறேன்.

முதல் எதிரி லேமினேட் கடை. பழைய படத்தையோ அட்டையையோ லேமினேட் பண்ணினால் அது முடிந்த கதை. பிறகு பிரிக்கவே முடியாது, சூட்டில் சாயமும் மாறும். இரண்டாவது எதிரி செலோடேப். கிழிந்த கடிதத்தை அதால் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்தது கிழிந்தபடியே ஓர் உறைக்குள் இருக்கட்டும். அமிலம் இல்லாத காகித உறை புத்தக, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். பசைப் பக்கம் கொண்ட பழைய ஆல்பங்களிலும் வைக்காதீர்கள்.

மூன்றாவது எதிரியைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடாது. நம் சாமி மேடைதான். தாத்தா படத்தைச் சாமிப் படங்களோடு மாட்டி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, கீழே விளக்கேற்றுகிறோம். புகை, எண்ணெய்ப் பிசுக்கு, மாலையின் ஈரம் எல்லாம் சட்டத்துக்குள் இறங்குகின்றன. கடைசியில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிப்போயிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது எளிது: மூலப் படத்தை ஸ்கேன் பண்ணி, நகலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். பொட்டு நகலுக்கு வையுங்கள். தாத்தா கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ அளவு வையுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும். 2604 இருந்தது பின்பக்கத்தில்தானே! ஸ்கேனர் இல்லையா? சன்னல் பக்கம், நேர்வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியால் எடுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

துணியைத் துவைக்காதீர்கள். கறையும் வரலாறுதான் என்பது ஒரு பக்கம்; நைந்த நூல் தண்ணீரில் விட்டுப்போகும் என்பது இன்னொரு பக்கம். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி. பாச்சை உருண்டையைத் துணி மேலேயே போடாதீர்கள். பதக்கத்தையும் கொக்கியையும் பளபளவென்று தேய்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தேய்த்தால் எழுத்தும் தேயும். துருப்பிடித்த டின்னில் திரும்பப் போட்டு வைக்காமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். பரணில் வெக்கை, தரையில் கரையான். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மாற்றும்போது இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அந்தப் பழைய டின்னையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனியாக வையுங்கள். அதுவும் கதையின் பகுதிதான்.

கண்காட்சிக்கு மூலப் பொருளைக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு கண்காட்சிக்குக் கொடுத்த பழைய உறுப்பினர் அட்டை திரும்பவே இல்லை. படியும் எடுத்து வைக்கவில்லை. கொடுத்தால் ரசீது, பொருளின் படம், திருப்பித் தரும் தேதி மூன்றும் எழுத்தில் வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பேச்சையும் பாதுகாக்க வேண்டும். பாட்டி பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே யார் பேசுகிறார், என்ன தேதி, எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். "இதை நீங்க பாத்ததா, அப்பா சொன்னதா, அம்மா சொன்னதா?" என்று ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் கேளுங்கள். பதிவு ஒரு கைப்பேசியில் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்களை 1981 முதலே சேகரித்திருக்கிறார்கள், தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம். கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன; அது பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளில் இருந்து மறைந்தவர்களுக்கானது என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு: இந்த வேலை வீண்போகாது. சிங்கப்பூர் வரலாற்றுத் தாளில் ஆதாரத்தைக் கொடுத்து 'இது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?' என்று கேட்கிறார்களே, டின்னைத் திறந்து நாம் செய்தது அதேதான். தமிழ்க் கட்டுரையிலும் பயன்படும். இரண்டு பத்தியைப் பாருங்கள்.

'என் கொள்ளுத்தாத்தா மாபெரும் வீரர். அவர் தம் உயிரையும் துச்சமென மதித்து நாட்டுக்காகப் போராடினார். அவரை எண்ணி நான் மிகவும் பெருமைப்படுகிறேன்.'

'என் கொள்ளுத்தாத்தாவின் தொப்பியை மடித்தால் என் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை அணிந்தபோது அவருக்கு இருபது வயது இருக்கலாம் என்கிறார் பாட்டி. "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துதான் பேரு குடுத்தாராம்" என்று சொல்லும்போது பாட்டியின் குரல் தாழ்கிறது. ஆனால் 1944-இல் சிங்கப்பூரில் எடுத்த படத்தில் அந்தப் பயம் தெரியவில்லை.'

முதல் பத்தியை யாருடைய தாத்தாவுக்கும் பொருத்தலாம். இரண்டாவது ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். மொழியையும் கவனியுங்கள்: எழுதுபவரின் நடை எழுத்து வழக்கு, பாட்டியின் பேச்சு மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. 'பிடித்துச் சென்றுவிடுவார்கள் என அஞ்சி' என்று பாட்டியைத் திருத்தி எழுதினால் பாட்டி காணாமல் போய்விடுவார். மேற்கோள் குறிக்கு வெளியே மட்டும் பேச்சு வழக்கு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கேதான் மதிப்பெண் குறையும்.

கடைசியாக, பெட்டிக்குள் வைக்க ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரி: பொருள் என்ன, வீட்டில் யார் என்ன சொன்னார், நாம் சரிபார்த்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன. மாணவி பென்சிலால் எழுதினாள். படத்துக்கு, 'பின்பக்கம்: சியோனான், 2604. அதாவது சிங்கப்பூர், 1944. முன்பு படை எண் என்று நினைத்தோம்.' ரூபாய் நோட்டுக்கு, 'பர்மாவில் புழங்கியது. தாத்தா கொண்டு வந்ததாகப் பாட்டி சொன்னார்.' தொப்பிக்கு, 'சின்னம் இல்லை. கொள்ளுப்பாட்டி துவைத்து மடித்து வைத்தது.' சயாம் வரியும் இருந்தது, பாட்டி ஒத்துக்கொண்டார். கொக்கிக்கு, 'தாத்தாவுடைய பெல்ட்' என்று எழுதியிருந்தாள்.

சீட்டைப் பாட்டியிடம் படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தேன். பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாராம். எல்லாம் சரி என்றவர், கொக்கியில் நிறுத்தினாராம்: "இது அப்பாவோடது இல்லம்மா. இது எங்க சித்தப்பாவோடது. அவரு எமெர்ஜென்சி டைம்ல எஸ்டேட்டுல கான்ஸ்டபிளா இருந்தாரு. அவரப் பத்தி யாரும் கேக்கவே இல்லையே."